கருங்கல் வீட்டில் முதலாம் ஆண்டு

பிரான்சு என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் எழுவது பாரிஸ் மாநகரமே. வானளாவும் ஈபெல் கோபுரமும், செய்ன் நதிக்கரையும், லா ஷப்பல் வட்டாரத்துத் தமிழ்க் கடைத்தெருவும், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் அங்கே பவனிவரும் விநாயகர் தேரும் நம் குடும்பங்களிற் பலருக்குப் புகைப்படங்கள் வாயிலாகவேனும் பழக்கமானவை. ஆயின், அத்தேசத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. ஐம்பது வீடுகளும், ஒரு தேவாலயமும், ஒரு போர் நினைவுத் தூணும் மாத்திரமே கொண்ட சிற்றூர்கள் அங்கே எண்ணிறந்தன. அவ்வாறான ஓர் ஊரிலே 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசியில் நாம் குடியேறினோம். நாம் என்பது கணவன், மனைவி, ஆறு வயது மகள் ஆகிய மூவர். இரண்டாவது பனிக்காலத்தையும் கண்டுவிட்ட இவ்வேளையில், முதலாம் ஆண்டிலே பெற்ற அனுபவங்களை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். பிறதேசம் செல்ல எண்ணும் மாணவருக்கும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்தம் செய்திக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இது சிறிதேனும் பயன்படக்கூடும்.

எமது ஊர் பிரான்சின் நடுப்பகுதியிலே, கிரூஸ் என்னும் மாவட்டத்தில் உள்ளது. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலே புகையிரதம் ஏறினால், ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் லா சூத்தரேன் என்னும் சிறு பட்டினத்தில் இறங்கலாம். அதன்பின் மோட்டார் வண்டியே துணை. மேடும் பள்ளமுமான புல்வெளிகள், அவற்றைப் பிரிக்கும் உயிர்வேலிகள், செஸ்ட்நட் மரக்காடுகள், செம்பழுப்பு நிறமான லிமூசேன் மாடுகள், கருங்கல்லினாற் கட்டிய தடித்த சுவர் வீடுகள் ஆகியனவே அந்நாட்டுக் காட்சி. 1851ஆம் ஆண்டிலே 2,80,000க்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் இன்று ஏறக்குறைய 1,15,000 பேரே வாழ்கின்றனர். ஐரோப்பியப் பிரான்சிலே இதனினும் குறைந்த மக்கட்டொகையுடைய மாவட்டம் லொசேர் ஒன்றுதான்.

இவ்விடத்தை நாம் தேடிச் செல்லவில்லை. தொழில் எம்மை அங்கே இட்டுச் சென்றது. அயற் பட்டினத்துத் தொழிற்சாலை ஒன்றிலே மின்னியற் பணி கிடைத்தது. பாரிசிலே ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே பின்வளவுடன் கூடிய முழு வீடே கிடைத்தது. “ஊர் போலத்தானே இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம்” என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

திறவுகோலான ஒரு சொல்

வந்த மறுநாட் காலை பாண் வாங்கச் சென்றோம். கடையிலே நின்ற பெண்மணியிடம், நூலிற் கற்ற பிரெஞ்சு மொழியில், “ஒரு பாண் தாருங்கள்” என்று பணிவாகவே கேட்டோம். அவர் பாணை எடுக்கவில்லை. எம்மை நிமிர்ந்து நோக்கி, “போன்ஷூர்” என்றார். எமது உச்சரிப்பு விளங்கவில்லைப் போலும் என்றெண்ணி மீண்டும் பாண் கேட்டோம். முன்னிலும் அழுத்தமாக, “போன்ஷூர்” என்றார். மூன்றாம் முறைதான் எமக்குப் புத்தி தெளிந்தது. நாமும் “போன்ஷூர், மதாம்” என்றோம். உடனே அவர் முகம் மலர்ந்தது. பாணும் கைக்கு வந்தது.

வணக்கம் கூறாமல் எதையும் கேட்பது அந்நாட்டுக் கிராமங்களிலே பெரும் மரியாதைக் குறைவு. கடைக்குள் நுழைந்தால் விற்பவருக்கு மாத்திரமன்றி, அங்கே காத்து நிற்போர் அனைவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லல் வேண்டும். வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் அப்படியே. முகமன் கூறாது வேலியருகே நின்று கதைதொடங்கும் அயலவரை நம் ஊர்ப் பெரியோர் எவ்வாறு நோக்குவர் என்பதை எண்ணிப்பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

மற்றொரு வகையிலும் தமிழர் இம்மொழியை எளிதில் உணரலாம். நம்மிடம் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரண்டு இருப்பது போலவே அவர்களிடம் ‘தூ’ என்றும் ‘வூ’ என்றும் இரண்டு உண்டு. எவரிடம் எதைச் சொல்வது என்ற தயக்கம் ஆங்கிலம் பேசுவோரைத் திண்டாட வைக்கின்றது; எமக்கோ அது பிறவியிலேயே பழகியது. ஆனால், பால் வகுப்பிலே நாம் தோற்றோம். மேசை பெண்பாலாம், பாண் ஆண்பாலாம். உயிரற்ற பொருளை அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய எமக்கு இது பெரும் சோதனை. நான்கு மாதம் பாடசாலை சென்ற எம் மகள் இப்போது இராப்போசன வேளையிலே எம் பிழைகளைத் திருத்துகின்றாள்.

கடதாசிகளோடு போராட்டம்

பிரான்சிலே மனிதன் சோற்றினால் மாத்திரமல்ல, கடதாசியினாலும் வாழ்கின்றான். வங்கியிலே கணக்குத் திறக்கச் சென்றோம். வதிவிடத்துக்குச் சான்றாக மின்சாரப் பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். மின்சாரத்துக்கு விண்ணப்பித்தோம், வங்கிக் கணக்கின் இலக்கத்தைக் கேட்டார்கள். முட்டை முந்தியா, கோழி முந்தியா என்ற புதிருக்குள் மூன்று வாரம் சிக்கிக் கிடந்தோம். ஈற்றில் வீட்டுச் சொந்தக்காரர் தம் கையொப்பமிட்டுத் தந்த வதிவிடச் சான்றுக் கடிதமே எம்மைக் கரையேற்றியது.

வேற்றுநாட்டவர் நீண்டகால விசாவுடன் வந்திறங்கினால், மூன்று மாதத்துள் அதனை இணையவழியாக உறுதிசெய்து முத்திரைக் கட்டணமும் செலுத்தல் வேண்டும். எம்போன்றோர் ‘குடியரசு ஒன்றிணைவு ஒப்பந்தம்’ என்னும் பத்திரத்திலே கையொப்பமிட்டு, நான்கு நாட் குடியியல் வகுப்புக்குச் செல்ல வேண்டும். மொழியறிவு போதாதோர்க்கு மொழி வகுப்பும் உண்டு. 2024 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தினால் இவ்விதிகள் இறுகியுள்ளன. 2026 ஜனவரி முதல், பல்லாண்டு வதிவிட அட்டையை முதன்முறை கோருவோர் ஐரோப்பிய மொழி அளவீட்டில் ஏ-2 நிலையையும், பத்தாண்டு அட்டையைக் கோருவோர் பீ-1 நிலையையும் எட்டியிருத்தல் வேண்டும். ஆதலின், பிரான்சு செல்ல எண்ணும் மாணவர் புறப்படுமுன்னரே மொழியைத் தொடங்கிவிடுதல் நன்று.

சிற்றூரவர்க்கு எல்லாவற்றுக்கும் முதற் படி ‘மேரி’ என்னும் ஊராட்சி மன்றக் கந்தோரே. பிரான்சிலே ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்; அவர் ‘மேர்’ எனப்படுவர். நம் நாட்டுப் பழைய விதானையாரையும் கிராமசபைத் தலைவரையும் ஒன்றாய்ச் சேர்த்தால் அவர் உருவம் ஒருவாறு தெரியும். எம் ஊர்க் கந்தோர் வாரத்தில் இரண்டு அரைநாட்கள் மாத்திரமே திறந்திருக்கும். ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் தலைவரே எம் வீட்டு வாசலுக்கு வந்து, நீலநிற இலக்கத் தகடு ஒன்றைச் சுவரிலே பொருத்தினார். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தினால், சிற்றூர்களும் தத்தம் ஒழுங்கைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் இடக் கடமைப்பட்டுள்ளன. “ஐம்பது வீட்டுக்கும் இலக்கம் எதற்கு? தபாற்காரருக்கு எல்லாரையும் தெரியுமே” என்று நாம் உள்ளூர நகைத்துக்கொண்டோம். அவ்விலக்கத்தின் பெறுமதி பின்னரே எமக்குத் தெரியவந்தது.

மகளின் பாடசாலை அலுவல் மாத்திரம் ஒரே நாளில் முடிந்தது. 2019 முதல் அந்நாட்டிலே மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். பிள்ளைகள் குறைவாகையால் இரண்டு ஊர்கள் சேர்ந்து ஒரு பாடசாலையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. சிறியோர் எம் ஊரில், பெரியோர் அடுத்த ஊரில். மதிய உணவு பாடசாலையிலேயே வழங்கப்படும். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக வாரத்துக்கு ஒருவேளையாவது மரக்கறி உணவு உண்டு. ஏனைய நாட்களில் மகள் பாணும் பாற்கட்டியும் உண்டு திருப்தியடைந்தாள்.

புதன்கிழமைச் சங்கு

ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி, புதன்கிழமை. அன்று அவ்வூர்ப் பாடசாலைக்கு விடுமுறை நாள். கணவர் தொழிலுக்குச் சென்றிருந்தார். நண்பகல் பன்னிரண்டு மணி. திடீரென ஊர் முழுவதும் அதிரும்படி அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் நாம். வானத்திலே விமான ஓசை கேட்டதும் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய கால்கள் இவை. அறிவு வேலைசெய்யுமுன் உடல் வேலைசெய்துவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் கீழே குந்தியிருந்த தாயை, சிறிது நேரத்தின் பின் கதவைத் தட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி கண்டார். காய்ச்சிய பழப்பாகு ஒரு போத்தல் கொடுத்து முகமன் கூறவே அவர் வந்திருந்தார்.

அவர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். விரலால் ஒன்று என்றார். நாட்காட்டியிலே புதன்கிழமையைத் தொட்டார். ஒவ்வொரு மாதமும் முதலாவது புதன்கிழமை நண்பகலில் அத்தேசமெங்கும் அபாயச் சங்குகளைச் சோதித்துப் பார்ப்பர் என்பது அப்போதுதான் விளங்கியது. பின்பு படிக்கட்டிலே எம்மருகில் தாமும் அமர்ந்து, தம் தாயார் 1944ஆம் ஆண்டுக் கோடையின் பின் நெடுங்காலம் வரை கனரக வண்டியின் ஓசை கேட்டாலே சன்னலை மூடிவிடுவார் என்று மெல்ல மெல்ல, எமக்கு விளங்கும் சொற்களைத் தேடித்தேடிச் சொன்னார். அன்றுமுதல் எம் மகள் அவரை ‘ஆச்சி’ என்றே அழைக்கின்றாள். அவரும் அதனை ‘ஆஷி’ என்று திருத்தி ஏற்றுக்கொண்டுள்ளார்.

நவம்பர் 11ஆம் திகதி, முதலாம் உலகப்போர் முடிவுற்ற நினைவுநாள். ஊர் மக்கள் நினைவுத் தூணைச் சூழ்ந்து நின்றனர். மேர் அவர்கள் இறந்தோர் பெயரை ஒவ்வொன்றாய் வாசிக்க, கூடிநின்றோர் ஒவ்வொரு பெயருக்கும் மறுமொழி கூறினர். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தபோது எவர் முகத்தையும் நாம் பார்க்கவில்லை. அம்மாவட்டத்திலேயே ழாந்தியூ என்னும் ஊரில், 1922இல் எழுந்த நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. அதிலே வெற்றி வீரனின் உருவம் இல்லை. தொப்பியைக் கையிற் பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன், இறந்தோர் பெயர்ப் பட்டியலின் கீழ்ப் பொறித்த வாசகத்தை நோக்கிக் கை முட்டியை உயர்த்தி நிற்கின்றான். போர் சபிக்கப்படுக என்பதே அவ்வாசகம். அடுத்த ஞாயிறன்று ஆச்சி எம்மை அங்கே அழைத்துச் சென்றார். ஏன் அழைத்துச் சென்றார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பச்சை விறகும் மூடிய கதவும்

எம் வீட்டிலே குளிர்காய ஒரு விறகடுப்பு மாத்திரமே இருந்தது. அங்கே விறகை ‘ஸ்தேர்’ என்னும் அளவினால் விற்பர். ஒரு மீற்றர் நீள விறகை ஒரு மீற்றர் அகலத்துக்கும் ஒரு மீற்றர் உயரத்துக்கும் அடுக்கிய குவியலே ஒரு ஸ்தேர். குளிர்காலத்து விறகைக் கோடையிலேயே வாங்கிவிடல் வேண்டும் என்பதை நாம் அறியோம். நவம்பர் மாதத்தில், மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து ஸ்தேர் வாங்கி மகிழ்ந்தோம். அது அவ்வாண்டு தறித்த பச்சை விறகு. ஓக், பீச் போன்ற வன்மரங்கள் எரிவதற்கேற்ப உலர இரண்டு ஆண்டு வரை செல்லும். அடுப்பிலே விறகு சீறியது; நீர் வடித்தது; புகைந்தது. வெப்பம் மாத்திரம் வரவில்லை.

டிசெம்பர் மாதத்து மாலை ஒன்றிலே, சீருடையணிந்த இருவர் கதவைத் தட்டினர். கையிலே ஏதோ கடதாசிக் கட்டு. அவர்கள் வேகமாகப் பேசினர்; எமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருள்வேளையில் வாசலில் நிற்கும் சீருடை நம்மவர்க்கு எத்தகைய நினைவுகளை எழுப்பும் என்பதை வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. “வேண்டாம், நன்றி” என்று இரண்டு சொற் சொல்லிக் கதவை மூடிவிட்டோம். அவர்கள் சற்றுத் தயங்கி நின்று, பின் அடுத்த வீட்டுக்குச் சென்ற காலடியோசை கேட்டது.

அவர்கள் யாரென்பதை ஆச்சி மறுநாள் விளக்கினார். அவர்கள் ஊர்த் தீயணைப்புப் படையினர்; ‘போம்பியே’ எனப்படுவோர். ஆண்டிறுதியில் வீடுவீடாகச் சென்று தம் நாட்காட்டியைக் கொடுத்து, விரும்பியதைப் பெற்றுச் செல்வது அவர்தம் வழக்கம். பிரான்சின் தீயணைப்புப் படையினருள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் தொண்டர்கள்; பகலிலே வேறு தொழில் செய்வோர். எம் வாசலிலே நின்றவர்களுள் ஒருவர் நாம் நாள்தோறும் பாண் வாங்கும் கடையின் மகன் என்று அறிந்தபோது வெட்கம் மேலிட்டது. சென்று மன்னிப்புக் கேட்க மொழியும் இல்லை, துணிவும் இல்லை. நாட்கள் சென்றன.

ஜனவரி மாதத்து ஓர் இரவு

ஜனவரி நடுப்பகுதியில் ஓர் இரவு, இரண்டு மணியளவில், மகள் நாய் குரைப்பது போன்ற விசித்திரமான இருமலோடு விழித்தெழுந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற ஒலி. உதடுகள் வெளிறின. வெளியே தரையெல்லாம் உறைபனி. வைத்தியசாலை முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால். அப்பகுதியில் வைத்தியர் பற்றாக்குறை கடுமையானது. குடும்ப வைத்தியராக எம்மை ஏற்கும்படி கேட்ட மூவரும், புதியோரைச் சேர்க்க இயலாதென்று அதற்குமுன் கூறியிருந்தனர்.

பாடசாலையிலே மகள் மனனம் செய்திருந்த இலக்கங்கள் அப்போது கைகொடுத்தன. 15 அவசர வைத்தியம், 17 பொலீஸ், 18 தீயணைப்புப் படை, 112 ஐரோப்பா முழுவதற்கும் பொதுவானது. 15ஐ அழைத்தோம். மறுமுனையிலிருந்த வைத்தியர் எம் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையோடு கேட்டார். தொலைபேசியைப் பிள்ளையின் வாயருகே பிடிக்கச் சொல்லி, மூச்சின் ஒலியையும் கேட்டார். படுக்கவிடாது மடியில் நிமிர்த்தி வைத்திருக்கவும், அழவிடாது அமைதிப்படுத்தவும் சொன்னார். பின்பு விலாசம் கேட்டார். நாம் நகைத்த அந்த நீலத் தகட்டின் இலக்கத்தையும், ஒழுங்கையின் புதுப் பெயரையும் நடுங்கும் குரலிலே சொன்னோம்.

பதினைந்து நிமிடத்தில் சிவப்பு வண்டி வாசலில் நின்றது. இறங்கியவர் மூவர். முன்னால் வந்தவர், ஒரு மாதத்துக்குமுன் நாம் கதவடைத்த அதே இளைஞர். அவர் முகத்திலே அதன் சுவடு சிறிதும் இல்லை. “போன்ஷூர்” என்றார் முதலில். அவ்வேளையிலும் அச்சொல்லை அவர் மறக்கவில்லை. பின்பு முழந்தாளிட்டமர்ந்து பிள்ளையின் விரலிலே சிறு கருவியை மாட்டினார், பிராணவாயு கொடுத்தார், அவள் அஞ்சாதிருக்கப் பஞ்சுக் கரடிப் பொம்மை ஒன்றைக் கையில் வைத்தார். உறைந்த வீதியிலே மெதுவாக வண்டியைச் செலுத்தி எம்மை வைத்தியசாலை சேர்த்தனர்.

நோய் குரல்வளை வீக்கம். சிறு பிள்ளைகளுக்குப் பனிக்காலத்தில் வருவதுதான். மருந்து கொடுத்ததும் விடியுமுன் மூச்சுச் சீரடைந்தது. வீட்டிலே புகை உண்டா என்று வைத்தியர் வினவினார். எம் பச்சை விறகின் கதையைச் சொன்னோம். புகை நோய்க்குக் காரணமென்று கூறமுடியாவிடினும், இத்தகைய பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு அது ஆகாது என்று எச்சரித்தார். பிள்ளைக்காகவே இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லிக்கொண்ட நாம், அந்நாற்காலிகளில் விடியும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருந்தோம். திரும்பிப் போய்விடலாமா என்ற கேள்வி இருவர் மனத்திலும் இருந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1945இல் நிறுவப்பெற்ற சமூகக் காப்புறுதி முறையினால், தொழில் செய்வோரும் அவர்தம் பிள்ளைகளும் காக்கப்படுகின்றனர். குடும்ப வைத்தியரைக் காணும் கட்டணம் 2024 டிசெம்பர் முதல் 30 யூரோ. அதில் 70 வீதத்தை, சிறு கழிவு நீக்கி, அரசாங்கக் காப்புறுதி திருப்பித் தரும். மிகுதிக்குத் தொழிலகத்தின் துணைக் காப்புறுதி உண்டு. தீயணைப்புப் படையினரோ அவ்விரவுக்காக எம்மிடம் ஒரு சதமும் பெறவில்லை.

கொத்தர்களின் வம்சம்

வீடு திரும்பியபோது கதவருகே உலர்ந்த விறகு தோளுயரம் அடுக்கியிருந்தது. பக்கத்து வீட்டார் இருவரும், எதிர்ப்புறத்து மாட்டுப் பண்ணைக்காரரும் தத்தம் கொட்டிலிலிருந்து கொணர்ந்தவை. எம் பச்சை விறகை மழைபடாது, காற்றுப்படும்படி வேலியோரம் அடுக்கித் தந்தவரும் அவர்களே. “இரண்டு ஆண்டு பொறுங்கள், அருமையாய் எரியும்” என்றார் பண்ணைக்காரர். இரண்டு ஆண்டின் பின்னும் நாம் அங்கிருப்போம் என்பதிலே அவருக்கு இருந்த நம்பிக்கை எமக்கு அப்போது இருக்கவில்லை.

அன்று மாலை செஸ்ட்நட் கொட்டைகளை வறுத்துக்கொண்டே ஆச்சி கூறிய கதை எம்மைச் சிந்திக்க வைத்தது. கிரூஸ் மாவட்டத்து மண் வளமற்றது. ஆதலின், பல தலைமுறையாக அவ்வூர் ஆடவர் இளவேனில் தொடங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு கால்நடையாகப் பாரிஸ் சென்று, கொத்து வேலை செய்து, பனிக்காலத்தில் ஊதியத்தோடு திரும்புவர். வயலையும் மாட்டையும் பெண்களே காத்தனர். பாரிஸ் மாநகரத்து மாளிகைகள் பல இவர்தம் கைவண்ணமே. மார்த்தேன் நதோ என்பவர் 1830இல், பதினான்கு வயதிலே, தந்தையோடு அவ்வாறு நடந்து சென்ற சிறுவர். கொத்து வேலை செய்துகொண்டே கற்றுயர்ந்து, 1849இல் மக்கட் பிரதிநிதியாகத் தெரிவானார். 1851ஆம் ஆண்டுச் சதிப்புரட்சியின் பின் நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்திலே ஆசிரியராய் வாழ்ந்தார். பின் தாய்நாடு திரும்பி, 1898இல் மறைந்தார். புகையிரதப் பாதை வந்தபின் பலர் குடும்பத்தையும் அழைத்துச் சென்று நகரத்திலேயே தங்கிவிட்டனர். ஊர் வெறுமையானது.

“பாரிசிலே எம்மவரின் பேச்சைக் கேட்டு நகைத்தார்களாம். ஓரறையில் பத்துப்பேர் படுத்தார்களாம். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அத்தகைய பாட்டன் ஒருவர் இருந்தார்” என்று முடித்தார் ஆச்சி. நாமோ நம் யாழ்ப்பாணத்தை நினைத்தோம். மலாயாப் புகையிரதத்துக்கும் கொழும்புக் கந்தோர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பி, மணியோடரை எதிர்பார்த்துத் தபாற்காரர் வரும் வழியை நோக்கியிருந்த வீடுகள் நம்மிடமும் இருந்தனவன்றோ!

கறியும் தோட்டமும்

பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றிலே, விறகு தந்தோரையும் அவ்விளைஞரையும் விருந்துக்கு அழைத்தோம். கறித்தூள் தீர்ந்திருந்தது, பாரிஸ் செல்லவும் நேரமில்லை. பட்டினத்துப் பேரங்காடியிலே தேடியபோது, ‘கொழும்பு’ என்று பெயர் பொறித்த தூட் போத்தல் ஒன்றைக் கண்டு திகைத்து நின்றோம்! மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் அதில் உண்டு. கரிபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினீக் என்பனவற்றின் சமையற்பொருள் அது. 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், அடுத்த தசாப்தம் முதல் அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பலர் தமிழர். அவர்தம் அம்மிக்கல்லின் வாசனை இன்றுவரை அங்கே நிலைத்து, பிரெஞ்சு நாட்டுக் கடைத்தட்டுகளிலும் ஏறியுள்ளது. அத்தூளிலே வைத்த கோழிக்கறியை விருந்தினர் கண்ணீர் மல்க, பாணைத் தொட்டுத் தொட்டு உண்டனர்.

விருந்தின் முடிவில், டிசெம்பரிற் கதவை மூடியதற்காக அவ்விளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஏன் மூடினோம் என்பதையும், அகராதியைப் புரட்டியபடியே, எம்மால் இயன்றவரை கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “இனிமேல் வந்தால் சன்னலுக்கு வெளியே நின்று முதலில் பெயரைச் சொல்கிறேன்” என்றார்.

தோட்டத்திலும் ஒரு பாடம் காத்திருந்தது. ஏப்ரில் மாதத்து இளவெயிலைக் கண்டு மயங்கி, மிளகாயும் கத்தரியும் தக்காளியும் நட்டோம். “மூன்று பனிப் புனிதர்கள் போகட்டும்” என்று ஆச்சி தடுத்தார். மே மாதம் 11, 12, 13ஆம் திகதிகளுக்குரிய மாமேர், பான்கிராஸ், செர்வே என்னும் புனிதர் மூவரின் நாட் கழியுமுன் மென்பயிர் நடலாகாது என்பது அந்நாட்டு உழவர் மரபு. நாம் கேட்கவில்லை. அந்நாட்கள் வருமுன்னரே ஓரிரவு உறைபனி விழுந்து கன்றுகள் அனைத்தும் கருகின. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் மரபிலே பிறந்தும், பிறர் பட்டத்தை மதியாமற் போனோம். மீண்டும் நட்ட மிளகாய் ஆகஸ்டிலே காய்த்தது. ஊர்ச் சந்தைக்குச் செல்லும் ஆச்சி ஒரு கைப்பிடியைத் தம் கூடையிலும் இட்டுச் சென்றார்.

சுவரில் இரண்டு நாட்காட்டிகள்

எல்லாம் இனிதென்று கூறி வாசகரை மயக்க நாம் விரும்பவில்லை. கந்தோர்க் கடதாசிகள் இன்னும் தீரவில்லை. பிரெஞ்சுப் பரீட்சைக்கு இரவிலே படிக்கின்றோம். தைப்பொங்கலன்று மணியோசை கேட்காத காலை இன்னும் வெறுமையாகவே விடிகின்றது. தமிழ் எழுத்தை மகளுக்கு நாமே கற்பிக்கின்றோம். அவள் சிலவேளை அழுகின்றாள். முதுமையில் இருக்கும் பெற்றோரின் குரலைத் தொலைபேசியிலே கேட்டபின் நெடுநேரம் உறங்காதிருக்கும் இரவுகளும் உண்டு.

எனினும், 2025 டிசெம்பரிலே ஒரு மாலை சன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. முதலிற் பெயர், பின்பு “போன்ஷூர்”. மகள் ஓடிச்சென்று கதவைத் திறந்தாள். நாட்காட்டியை வாங்கினோம், சூடான தேநீரும் வடையும் கொடுத்தோம். அதிலே படையினர் அனைவரும் செந்நிற வண்டியின் முன் வரிசையாய் நிற்கும் படம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அனுப்பிய பஞ்சாங்க நாட்காட்டிக்கு அருகே அதனை மாட்டியுள்ளோம். ஒன்றிலே ஏகாதசியும் சதுர்த்தியும் பார்க்கின்றோம். மற்றதிலே ஒவ்வொரு மாதத்தின் முதற் புதன்கிழமையையும் மகள் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கின்றாள், அம்மா பயப்படக்கூடாதென்று.